வளிமண்டல நிலையின்மையும் தரவு உள்வாங்கலும்: வட்டார வானிலை மாதிரிகளைப் பற்றிய ஓர் ஆய்வு

வட்டார வானிலை மாதிரி என்பது, புவியின் ஒரு பகுதிக்கு மேலுள்ள வளிமண்டலத்தைச் சிறு கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் காற்று, வெப்பநிலை, ஈரப்பதம், அழுத்தம் ஆகியவை அடுத்தடுத்த நிமிடங்களில் எவ்வாறு மாறும் என்பதை இயற்பியல் சமன்பாடுகளின் வழியே கணக்கிடும் கணினி நிரலாகும். இந்தக் கணக்கு எந்த நிலையிலிருந்து தொடங்குகிறது என்பது, சமன்பாடுகள் எவ்வளவு செம்மையானவை என்பதற்கு இணையான முக்கியத்துவம் உடையது. இடிமழையைப் பொறுத்தவரை அதைவிடவும் முக்கியமானது. தொடக்க நிலையை அமைப்பதற்காக, மாதிரி தானே முன்பு கணித்து வைத்திருந்த நிலையையும் பலூன், செயற்கைக்கோள், ரேடார், தரை நிலையம் ஆகியவற்றின் அளவீடுகளையும், அவற்றின் நம்பகத்தன்மைக்கு ஏற்ப எடையிட்டுச் சேர்க்கும் கணித முறைக்குத் தரவு உள்வாங்கல் என்று பெயர். இவ்வாறு உள்வாங்கப்படும் தரவு, இடிமழைக்கு அடிப்படையான வளிமண்டல நிலையின்மையை மாதிரிக்குள் எவ்வாறு மாற்றுகிறது, அந்த மாற்றம் எப்போது பயனளிக்கிறது, எப்போது வழிதவறச் செய்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள். இந்தியாவில் இடி, மின்னல் தாக்கி ஆண்டுதோறும் 2,000 பேருக்கு மேல் இறக்கின்றனர் என்பதை நினைத்தால், இக்கேள்வி கணினி அறைக்குள் அடங்கிவிடுவதன்று என்பது விளங்கும்.

அளவீட்டை மாதிரிக்குள் அப்படியே நுழைத்துவிட்டால் போதும் என்ற எண்ணம் எவ்வளவு ஆபத்தானது என்பதை இத்துறையின் முதல் முயற்சியே காட்டிவிட்டது. இங்கிலாந்தைச் சேர்ந்த லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் 1922-இல் வெளியிட்ட நூலில், 1910 மே 20 அன்று ஐரோப்பாவின் மேல் நிலவிய வானிலையைத் தொடக்கமாகக் கொண்டு, கையாலேயே போட்ட கணக்கை விளக்கியிருந்தார். ஆறு மணி நேரத்தில் அழுத்தம் 145 ஹெக்டாபாஸ்கல் உயரும் என்று அந்தக் கணக்கு கூறியது. உண்மையில் அன்று அழுத்தம் ஏறத்தாழ மாறவே இல்லை. சமன்பாடுகளில் பெரும்பிழை இல்லை. அளந்த காற்றும் அளந்த அழுத்தமும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் நின்றதே பிழைக்குக் காரணம் என்பதும், தொடக்கத் தரவிலுள்ள அந்தப் பொருத்தமின்மையை வடிகட்டி நீக்கினால் அதே முறை நம்பத்தகுந்த விடையைத் தருகிறது என்பதும் பின்னாளில் நிறுவப்பட்டன. இதற்குப் பின் வந்த முறைகள் அனைத்தும், அளவீட்டை ஏற்பது, ஏற்கும்போதே சமநிலையைக் குலைக்காதிருப்பது என்னும் இரண்டையும் ஒருசேர நிறைவேற்ற முயன்றவையே. 1950-களின் அடுத்தடுத்த திருத்த முறை, சோவியத் ஒன்றியத்தில் லெவ் காண்டின் 1963-இல் விரிவாக்கிய உகந்த இடைச்செருகல், யோஷி சசாகி வித்திட்ட மாறல் முறை, 1994-இல் கெயிர் எவென்சன் முன்வைத்த குழுமக் கால்மன் வடிகட்டி என அந்த வரிசை நீள்கிறது. ஐரோப்பிய நடுத்தர கால வானிலை முன்கணிப்பு மையம் 1997-இல் நான்கு பரிமாண மாறல் முறையை நாள்தோறுமான பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. வட்டார மாதிரிகளுக்கு இம்முறைகள் தாமதமாகவே வந்து சேர்ந்தன. இந்திய வானிலை ஆய்வுத் துறையும் பல பல்கலைக்கழகங்களும் கையாளும் டபிள்யூ.ஆர்.எஃப். மாதிரியில் முப்பரிமாண மாறல் முறையே இன்றும் பரவலாக இருக்கிறது.

நிலையின்மை என்பது வளிமண்டலத்தில் நேரடியாக அளக்கப்படும் ஒரு பொருளன்று. அது ஒரு வேறுபாடு. தரைக்கு அருகிலுள்ள காற்றுப் பொதி ஒன்று மேலே தள்ளப்படும்போது, அதிலுள்ள நீராவி குளிர்ந்து திரளத் தொடங்கும்வரை கிலோமீட்டருக்கு 9.8 டிகிரி வீதம் அதன் வெப்பநிலை குறைகிறது. நீராவி திரளத் தொடங்கிய பின், அப்போது வெளிப்படும் உள்ளுறை வெப்பத்தால் அந்தக் குறைவு மட்டுப்பட்டு, வெப்பமண்டலத்தின் ஈரமான கீழ்வளியில் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 4 டிகிரியாகிறது. சுற்றியுள்ள காற்று இவ்விரு வீதங்களுக்கும் இடைப்பட்ட வீதத்தில் குளிர்ந்திருந்தால், உலர்ந்த பொதி மீண்டும் கீழிறங்கும், ஈரமான பொதியோ சுற்றுப்புறத்தைவிட வெப்பமாக இருந்து தானாகவே மேலெழும். அவ்வாறு எழும் பொதிக்குக் கிடைக்கக்கூடிய மொத்த ஆற்றலைக் கிலோகிராமுக்கு இத்தனை ஜூல் என்று அளந்து, அதனை வெப்பச்சலனத்துக்குக் கிடைக்கும் நிலையாற்றல், சுருக்கமாகக் கேப், என்பர். பொதி தானாக எழும் உயரத்தை அடைவதற்கு முன் கடக்க வேண்டிய தடையின் அளவு வெப்பச்சலனத் தடை எனப்படும். கேப் 2,500 ஜூலைத் தாண்டினால் வலுவான நிலையின்மை என்று கொள்வது வழக்கம். ஆனால் தடை உடையாத வரையில் எத்தனை ஆயிரம் ஜூல் குவிந்திருந்தாலும் வானம் தெளிவாகவே இருக்கும்.

தரவு உள்வாங்கலின் சிக்கல் முழுவதும் இந்த வரையறைக்குள்ளேயே இருக்கிறது. மாதிரி சுமந்து செல்வது வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும்தான்; கேப் அவற்றிலிருந்து பின்னர் கணக்கிடப்படுவது, அதுவும் நேர்விகிதத்தில் அன்று. ஒரு கிலோகிராம் காற்றில் ஒரு கிராம் நீராவி கூடினால், அது முழுவதும் திரளும்போது அக்காற்றை ஏறத்தாழ 2.5 டிகிரி சூடாக்கப் போதுமான வெப்பம் வெளிப்படும். ஒரு கிராம் என்பது பலூன் கருவியின் பிழையையும் இடத்துக்கிடமான இயல்பான வேறுபாட்டையும் மிஞ்சாத சிறு அளவு. ஆயினும் எல்லைப் படலத்தில், அதாவது தரையை ஒட்டிய ஒன்று இரண்டு கிலோமீட்டர் தடிப்புள்ள கலங்கிய காற்றடுக்கில், ஒரு டிகிரி வெப்பமோ ஒரு கிராம் ஈரமோ மாறினாலே இடிமுகில் உருவாகாமலே போவதும் பெருமுகிலாக வளர்வதும் தீர்மானமாகிவிடும் என்பதை 1996-இல் வெளிவந்த, குரூக் என்னும் ஆய்வாளரின் ஆய்வு தெளிவாகக் காட்டியது.

ஓர் எளிய கணக்கு இதைக் கண்முன் நிறுத்தும். ஒரு கோடை நண்பகலில், கரையோரக் கட்டம் ஒன்றில் தரையருகே கிலோகிராமுக்கு 20 கிராம் நீராவி இருப்பதாக மாதிரி கருதுகிறது என்றும், அந்தக் கருத்தின் வழக்கமான பிழை 2 கிராம் என்றும் கொள்வோம். அங்குள்ள அளவீடு 18 கிராம் என்கிறது. அதன் பிழை 1 கிராம். பிழைகளின் இருபடிகள் நான்கும் ஒன்றும் ஆதலால், வேறுபாட்டில் ஐந்தில் நான்கு பங்கு அளவீட்டின் பக்கம் ஏற்கப்பட்டு, திருத்திய மதிப்பு 18.4 கிராம் ஆகிறது. நீக்கப்பட்ட 1.6 கிராம், நான்கு டிகிரி வெப்பத்துக்கு ஈடானது. கேப் கணக்கில் அது பல நூறு ஜூல் முதல் ஆயிரம் ஜூல் வரையிலான வீழ்ச்சி. அளவீட்டின் பிழையை 1 என்று கொள்ளாமல் 2 என்று கொண்டிருந்தால் பாதி வேறுபாடு மட்டுமே ஏற்கப்பட்டு, மதிப்பு 19 கிராமில் நின்றிருக்கும். பிழைக்கு என்ன எண் கொடுப்பது என்பது மாதிரியை இயக்குவோர் எடுக்கும் முடிவு. அந்த முடிவு இடிமழை பெய்வதையும் பெய்யாததையும் பிரிக்கும் கோட்டை நகர்த்தவல்லது என்பது ஆய்வறிக்கைகளில் போதிய அளவு பேசப்படுவதில்லை.

இந்தத் திருத்தம் அந்த ஒரு புள்ளியோடு நிற்பதில்லை. ஓரிடத்தில் மாதிரி தவறினால் அருகிலும், மேலும், கீழும் எந்த அளவுக்குத் தவறியிருக்கும் என்பதைச் சொல்லும் பிழை உடன்மாறுபாடு என்னும் புள்ளியியல் அட்டவணையைப் பின்பற்றித் திருத்தம் பரப்பப்படுகிறது. முப்பரிமாண மாறல் முறையில் இந்த அட்டவணை, ஒரே நேரத்துக்கென வெவ்வேறு தொடக்கங்களிலிருந்து செய்யப்பட்ட இரு முன்கணிப்புகளின் வேறுபாட்டைப் பல வாரங்களுக்குத் திரட்டிப் பெறப்படுவது. ஆகவே அது சராசரி நாளின் அட்டவணை. இடிமழை நாளோ சராசரி நாளன்று. சென்னைக் கரையில் தென்மேற்குப் பருவ காலத்துப் பிற்பகலை எடுத்துக்கொண்டால், மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து வரும் உலர்ந்த மேலைக்காற்றின் அடியில், கடற்காற்று ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தடிப்புக்கு ஈரத்தைக் கொண்டுவந்து செருகுகிறது. இவ்விரண்டும் முட்டும் கோட்டில்தான் மாலை இடிமுகில்கள் எழுகின்றன. சென்னையின் ஆண்டு மழையில் மூன்றில் ஒரு பங்களவு தரும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழையில் பெரும்பகுதி இவ்வாறு பெய்வதே. ஈரமும் உலர்வும் கத்தியால் வெட்டியதுபோல் அடுக்கடுக்காக நிற்கும் இந்த அமைப்பில், தரையருகே செய்யப்படும் ஈரத் திருத்தத்தைச் சராசரி அட்டவணை மேலே இழுத்துச் சென்று உலர் அடுக்கிலும் பூசிவிடுகிறது. காற்றுப் பத்தியிலுள்ள மொத்த நீராவி சரியாகிவிட்டது என்று புள்ளிவிவரம் காட்டும். தடை கரைந்துவிட்டது என்பதை அது காட்டாது. அதன் விளைவாக மாதிரியில் மழை இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாகவே, பரவலாக, மெல்லியதாகப் பெய்துவிடுகிறது.

வெப்பமண்டலத்துக்கே உரிய மற்றொரு குறையும் உண்டு. உயர் அகலாங்குகளில் காற்றும் அழுத்தமும் புவிச்சுழற்சியால் இறுக்கமாகப் பிணைக்கப்பட்டுள்ளதால், ஒன்றை அளந்தால் மற்றொன்றைத் திருத்திக்கொள்ளலாம். 13 டிகிரி வடக்கிலுள்ள சென்னையில் அந்தப் பிணைப்பை உண்டாக்கும் விசையின் வலு, 45 டிகிரியில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு. சில பத்துக் கிலோமீட்டர் அகலமுள்ள இடிமுகிலுக்குள் அது எங்குமே பொருட்படுத்தத் தக்கதன்று. ஆகவே இங்கு ஈரத்தை அளக்காமல் ஈரத்தை அறிய வழியில்லை, காற்றை அளக்காமல் காற்றை அறிய வழியில்லை. ஐரோப்பிய, அமெரிக்க ஆய்வுகளில் காணப்படும் பயனை அப்படியே இந்தியக் கரைக்கு எதிர்பார்ப்பது பொருந்தாது. பல இணை முன்கணிப்புகளை ஒருசேர ஓட்டி, அவற்றின் சிதறலிலிருந்து அன்றைய நாளுக்கேயுரிய உடன்மாறுபாட்டைப் பெறும் குழும முறை இக்குறையைப் பெரிதும் தீர்க்கிறது. பிற்பகலில் காற்று நன்கு கலந்திருக்கும்போது தரை நிலைய அளவீடு ஒரு கிலோமீட்டர் உயரம் வரை பேசும், விடியலில் தரையோடு குளிர்ந்து கிடக்கும் காற்றில் அதே அளவீடு சில பத்து மீட்டருக்கு மேல் எதையும் சொல்லாது என்ற வேறுபாட்டைக் குழுமம் தானே கண்டுகொள்ளும். இதற்காகும் கணினிச் செலவு பெரிது என்பது உண்மையே. நிலையின்மை குறித்த ஆய்வுக்கு அந்தச் செலவு தகும்.

அளவீடுகளின் வகையைப் பொறுத்து விளைவு வேறுபடுகிறது. கீழிருந்து மேல்வரை வெப்பநிலையையும் ஈரத்தையும் நேரடியாக, நுண்ணிய அடுக்குகளாக அளப்பதில் ரேடியோசோண்டு எனப்படும் பலூன் கருவிக்கு இணையில்லை. ஹைட்ரஜன் நிரப்பிய பலூன் நிமிடத்துக்கு ஏறத்தாழ 300 மீட்டர் வீதம் எழுவதால், கடற்காற்று அடுக்கு முழுவதையும் மூன்று நான்கு நிமிடங்களில் கடந்துவிடுகிறது. வரைபடத்தில் ஈரக்கோடு திடீரென இடப்பக்கம் முறியும் இடத்தைக் கண்டால், உலர்ந்த மேலைக்காற்று எந்த உயரத்தில் தொடங்குகிறது என்று விரல் வைத்துச் சொல்லலாம். ஆனால் உலக நேரப்படி 0 மணிக்கும் 12 மணிக்கும், அதாவது இந்திய நேரப்படி காலை 5.30-க்கும் மாலை 5.30-க்கும் அவை பறக்கவிடப்படுகின்றன. காலைப் பலூன் இரவில் குளிர்ந்த நிலைத்த அடுக்கைக் காண்கிறது. மாலைப் பலூன் பல நாள்களில் முகில் எழுந்த பின்னரே செல்கிறது. வெயில் ஏறி நிலையின்மை குவியும் முற்பகல் பதினொரு மணி முதல் பிற்பகல் இரண்டு மணி வரையிலான நேரமே முன்கணிப்புக்கு உயிரானது. அந்த நேரத்தில் மேல்வளியை அளக்க வழக்கமான பலூன் எதுவும் இல்லை. காலைத் தரவை உள்வாங்கிய மாதிரி, பிற்பகல் நிலையின்மையைத் தன் தரைவெப்ப, ஈரக் கணக்கீடுகளின் தயவிலேயே வளர்த்தெடுக்க வேண்டியிருக்கிறது.

செயற்கைக்கோள் இந்த இடைவெளியை நேரத்தில் நிரப்புகிறது, உயரத்தில் நிரப்புவதில்லை. 2013-இல் ஏவப்பட்ட இன்சாட்-3டி, 2016-இல் ஏவப்பட்ட இன்சாட்-3டிஆர் ஆகியவற்றின் அகச்சிவப்பு ஆழ்நோக்கிக் கருவிகள் மேகமில்லாத இடங்களில் மட்டுமே கீழ்வரை காணக்கூடியவை. அவை காண்பதும் பல நூறு மீட்டர் முதல் சில கிலோமீட்டர் வரை தடித்த அடுக்குகளின் சராசரியே. 2011-இல் இந்தியாவும் பிரான்சும் இணைந்து அனுப்பிய மேகா-டிராபிக்ஸ் கோளின் சாபிர் கருவி, 183 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலையில் மேகத்தின் ஊடாகவும் ஓரளவு ஈரத்தைக் கண்டது. எனினும் அதன் வலிமை நடு, மேல் வளிமண்டலத்திலேயே இருந்தது. இத்தகைய தரவை உள்வாங்கிய பின் பெருமளவு ஈர ஓட்டமும் நடு அடுக்கின் உலர்வும் மேம்பட்டதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. நடு அடுக்கின் உலர்வு, மழைத்துளி ஆவியாகிக் கீழ்நோக்கிப் பாயும் குளிர்காற்றின் வலுவைத் தீர்மானிப்பதால் அதுவும் சிறிய பயனன்று.

ஆனால் இங்கே ஒரு மயக்கம் நேர்கிறது. நிலையின்மையை மதிப்பிட, கேப்புடன் கே குறியீடு, மொத்தக் கூட்டுக் குறியீடு போன்ற எளிய குறியீடுகளும் கையாளப்படுகின்றன. கே குறியீடு 850, 700, 500 ஹெக்டாபாஸ்கல் மட்டங்களின் வெப்பநிலையையும், முதலிரண்டு மட்டங்களின் ஈரத்தையும் மட்டுமே கேட்கிறது. 850 ஹெக்டாபாஸ்கல் என்பது கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர். கடற்காற்றின் ஈரம் பெரும்பாலும் அதற்குக் கீழேயே முடிந்துவிடுகிறது. செயற்கைக்கோள் நன்றாகக் காணும் மட்டங்களை வைத்தே கணக்கிடப்படும் குறியீடு, செயற்கைக்கோள் தரவை உள்வாங்கியதும் மேம்பட்டுக் காட்சியளிப்பதில் வியப்பில்லை. அந்த மேம்பாட்டைக் கொண்டு, கரையோர இடிமழையின் நிலையின்மையை மாதிரி சரியாகப் பிடித்துவிட்டது என்று முடிவு கட்டுவது தவறு. வங்கத்தின் கால்பைசாகிப் புயல்களுக்கு, அதாவது மார்ச் முதல் மே வரை சோட்டா நாகபுரிப் பீடபூமியின் பக்கத்திலிருந்து கிழக்கே பாயும் கடும் இடிப்புயல்களுக்கு, இவ்வகைக் குறியீடு ஓரளவு பொருந்துகிறது; அங்கு வங்கக் கடலின் ஈரம் தடித்த அடுக்காக உள்நாட்டில் நெடுந்தொலைவு பரவி, மேலே வடமேற்கிலிருந்து உலர்காற்று வருவதே அதற்குக் காரணம். ஒரே குறியீடு இரு கரைகளில் இரு பொருள் தருகிறது.

டாப்ளர் ரேடார் தரவின் தன்மை முற்றிலும் வேறு. நீர்த்துளிகளிலிருந்து திரும்பும் அலையின் வலு மழையின் அளவையும், அலையின் அதிர்வெண் மாற்றம் ரேடாரை நோக்கியோ விலகியோ வீசும் காற்றின் வேகத்தையும் தருகின்றன. இந்தியாவில் 2002-இல் சென்னையில் முதலாவது டாப்ளர் வானிலை ரேடார் இயங்கத் தொடங்கியது முதல், அதன் தரவை மாதிரிக்குள் செலுத்திப் பார்க்கும் ஆய்வுகள் தொடர்ந்து நடந்துள்ளன. காற்றின் ஆரத்திசை வேகத்தை உள்வாங்குவது நிலையின்மையின் அளவை அதிகம் மாற்றாது. காற்று குவியும் கோட்டைச் சரியான இடத்தில் வைத்து, தடையை உடைக்கும் உந்துதலைத் தருவதே அதன் பணி. திரும்பும் அலையின் வலுவை உள்வாங்குவதில் கூடுதல் விழிப்பு வேண்டும். மழைத்துளியை மட்டும் மாதிரியில் வைத்து, அதைத் தாங்கும் மேலெழு காற்றை வைக்காவிட்டால், அந்தத் துளிகள் சில நிமிடங்களில் தரையில் விழுந்து, ஆவியாதலால் கீழ்வளியைக் குளிர்வித்து, இருந்த நிலையின்மையையும் அழித்துவிடும். ரேடார் காண்பது எழுந்துவிட்ட முகிலை. அங்கே ஆற்றல் செலவாகிக்கொண்டிருக்கிறது. அடுத்த முகிலுக்கு எங்கே ஆற்றல் குவிந்திருக்கிறது என்பதை, துளி இல்லாத தெளிந்த காற்றில் ரேடார் அரிதாகவே சொல்லும். இந்தக் காரணத்தாலேயே ரேடார் தரவின் பயன் பெரும்பாலான ஆய்வுகளில் முதல் மூன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் தேய்ந்துவிடுகிறது.

இந்தத் தேய்மானத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. எட்வர்ட் லோரன்ஸ் 1969-இல் காட்டியபடி, தனி முகில் அளவிலான இயக்கங்களில் உள்ள பிழை ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முற்றும் பெருகிவிடுகிறது. வட்டார மாதிரியின் பக்க எல்லைகள் வழியே உலக மாதிரியின் காற்று நுழைந்து, உள்ளே செய்த திருத்தத்தை அடித்துச் செல்கிறது. மாதிரியின் சொந்தச் சாய்வு இவை எல்லாவற்றையும்விடத் தொல்லை தருவது. உள்வாங்கல் கோட்பாடு மாதிரியின் பிழை இருபுறமும் சமமாகச் சிதறுகிறது என்று கொள்கிறது. மாதிரியின் எல்லைப் படலம் இயல்பாகவே உலர்ந்து போகக்கூடியதாக இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் ஈரம் ஊட்டப்பட்டு, ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் அது வடிந்துவிடும். கட்டங்கள் 9 கிலோமீட்டரோ அதற்கு மேலோ அகன்று, வெப்பச்சலனத்தை மறைமுகக் கணக்கீட்டால் குறிக்கும் மாதிரிகளில், அந்தக் கணக்கீடுகளில் பல, கேப் மிகுந்தால் அதை ஒரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிடும்படி எழுதப்பட்டவை. அரும்பாடுபட்டு உள்வாங்கிய ஈரம் அங்கே தூறலாகக் கழிந்துவிடுகிறது. 3, 4 கிலோமீட்டர் கட்டங்களில் முகிலை நேரடியாகவே உருவாக விடும் மாதிரிகளில் தொடக்க நிலையின் திருத்தம் தனக்குரிய நேரம் வரை காத்திருக்க முடிகிறது. ஆகவே, உள்வாங்கலின் பயனை அறிய விரும்பும் ஆய்வு அத்தகைய மாதிரியிலேயே நடத்தப்பட வேண்டும்.

பயனை மதிப்பிடுவதிலும் கவனம் தேவை. மாதிரியின் கேப் பலூனின் கேப்போடு ஒப்பிடப்படுகிறது. ஆனால் பலூனின் ஈரமானிக்கும் பிழையுண்டு. 1992-93-இல் மேற்குப் பசிபிக்கில் நடந்த டோகா-கோர் என்னும் பெருங்கள ஆய்வில் பயன்பட்ட ஈரமானிகள் உண்மையைவிடக் குறைவாக ஈரத்தைக் காட்டியது பின்னர் தெரியவந்து, தரவு திருத்தப்பட்டபோது, அந்தக் கடற்பகுதியின் கேப் மதிப்புகள் வெகுவாக உயர்ந்தன. கேப்பைத் தரைப் பொதியைக் கொண்டு கணக்கிடுவதா, கீழ் அடுக்கின் கலந்த பொதியைக் கொண்டா, மிக நிலையற்ற பொதியைக் கொண்டா என்பதைக் கூறாமல் இரு எண்களை ஒப்பிடும் கட்டுரைகளும் உள்ளன. மழையைக் கொண்டு மதிப்பிட்டாலோ, முகிலைச் சரியாக உருவாக்கி இருபது கிலோமீட்டர் தள்ளி வைத்த முன்கணிப்பு, பெய்த இடத்தில் தவறியதற்கும் பெய்யாத இடத்தில் பெய்வித்ததற்கும் இருமுறை தண்டிக்கப்படுகிறது. ஒன்றிரண்டு இடிமழை நாள்களை மட்டும் எடுத்து, உள்வாங்கல் முன்கணிப்பை மேம்படுத்தியது என்று முடிப்பது இந்திய ஆய்விதழ்களில் பரவலாகியுள்ள வழக்கம். மழை பெய்யாத நாள்களில் மாதிரி தடையைக் காத்ததா என்று கேட்காத வரை, அந்த முடிவு பாதி விடையே.

கட்டங்களின் நுண்மை விரைந்து கூடிவருகிறது. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கிய 6 கிலோமீட்டர் உலக மாதிரியே 2025 மே மாதத்தில் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. கீழ் இரண்டு கிலோமீட்டரின் ஈரத்தை நண்பகலில் அளக்கும் கருவிகள் அந்த வேகத்தில் கூடவில்லை. 2024 செப்டம்பரில் ஒன்றிய அமைச்சரவை 2,000 கோடி ரூபாயில் ஒப்புதல் அளித்த மிஷன் மௌசம் திட்டம் புதிய ரேடார்களையும் மேம்பட்ட அளவீட்டுக் கருவிகளையும் நிறுவுவதை நோக்கமாகக் கொண்டுள்ளது. அவற்றில் தரையிலிருந்தே மேல்நோக்கி ஈரத்தையும் வெப்பத்தையும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளக்கும் நுண்ணலைக் கதிர்வீச்சுமானிகளைக் கரையிலிருந்து உள்நாடு நோக்கி ஒரு வரிசையாக, சென்னைக்கும் வேலூருக்கும் இடையே கடற்காற்று முன்னேறும் பாதையில் நிறுத்தி, அவற்றின் தரவை மணிக்கொருமுறை குழும முறையில் உள்வாங்கி, ஒரு முழுப் பருவத்தின் மழை நாள்களையும் மழையற்ற நாள்களையும் சேர்த்துச் சோதித்தால், காலைப் பலூனுக்கும் மாலை இடிக்கும் இடையில் இன்று மாதிரியின் ஊகமாக மட்டும் இருக்கும் அந்தப் பகல் நேரத்தில் தடை எப்போது, எந்த உயரத்தில் உடைகிறது என்பதை முதன்முறையாக அளவீட்டைக் கொண்டு சொல்ல இயலும்.